உங்கள் வார்டு கவுன்சிலரால் எது முடியும், எது முடியாது?

மழை பெய்து தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் கவுன்சிலரைத் திட்டுகிறோம். கரண்ட் போனால் அவருக்குத்தான் போன். ரேஷன் கடையில் பருப்பு இல்லை, பட்டா கிடைக்கவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை என்று எதற்கும் முதலில் நினைவுக்கு வருபவர் அவரே. இந்தப் பட்டியலில் முதலாவதைத் தவிர வேறெதுவும் மாநகராட்சியின் வேலையே அல்ல. அந்த முதலாவதிலும் கவுன்சிலர் கையில் நேரடியாக இருப்பது கொஞ்சம்தான்.

இதற்கு நேரெதிராக இன்னொரு பேச்சும் டீக்கடையில் ஓடும்: "கவுன்சிலர் பதவியெல்லாம் ஒரு பதவியா? சும்மா கையைத் தூக்கிட்டு வர்றதுதானே!" இதுவும் பாதிதான் சரி. நூறு வருஷத்துக்கு முன்பு இப்படிக் கையைத் தூக்கியவர்கள்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். சென்னையை வைத்துச் சொல்கிறேன். மதுரை, கோவை, திருச்சியிலும் அளவுதான் மாறும். ஏற்பாடு ஏறக்குறைய இதுவே.

200 வீட்டுக் குடியிருப்பு

200 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒருவர் சங்க உறுப்பினர். அவர்கள் கூடி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் மெயின்டனன்ஸ் பணத்தை வசூலிப்பது, வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுப்பது, செக்கில் கையெழுத்துப் போடுவது எல்லாம் மேனேஜர். அந்த மேனேஜரை வேலைக்கு வைத்தது சங்கம் அல்ல, பில்டர். பிடிக்கவில்லை என்றால் மாற்றுவதும் பில்டர்தான். லிஃப்ட் வேறொரு கம்பெனியிடம், தண்ணீர் இன்னொரு கம்பெனியிடம். அவர்களும் பதில் சொல்வது பில்டருக்கே.

இப்போது பெயர்களை மாற்றிப் படியுங்கள். வீடு என்பது வார்டு. சென்னையில் 200 வார்டுகள். வார்டுக்கு ஒருவராக மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிதான் மாமன்ற உறுப்பினர், அதாவது கவுன்சிலர். இந்த 200 பேரும் கூடும் சபை மாமன்றம். தலைவர், மேயர். மேனேஜர், ஆணையர், பேச்சு வழக்கில் கமிஷனர். அவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. பில்டர், மாநில அரசு.

இந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. சங்கத்துக்காரர்கள் கோபம் வந்தால் வீட்டை விற்றுவிட்டுப் போகலாம். நகரத்தில் அது அவ்வளவு சுலபமில்லை.

கையெழுத்து யாருடையது?

மாமன்றம் தீர்மானிக்கும், ஆணையர் நிறைவேற்றுவார். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். தீர்மானம் என்பது மாமன்றம் வாக்களித்து ஏற்றுக்கொண்ட முடிவு. பட்ஜெட், பெரிய ஒப்பந்தங்கள், வரி விகிதம் எல்லாம் தீர்மானமாக வந்தாக வேண்டும். ஊழியர்களை வேலை வாங்குவது, பில் பாஸ் செய்வது, நோட்டீஸ் அனுப்புவது, அத்துமீறிய கட்டடத்துக்கு சீல் வைப்பது எல்லாம் ஆணையரும் அவருக்குக் கீழே உள்ள அதிகாரிகளும் செய்வது. உங்கள் வார்டில் இருக்கும் உதவிப் பொறியாளர், 'ஏ.இ.' என்று எல்லோரும் சொல்பவர், கவுன்சிலரின் ஊழியர் அல்ல. கவுன்சிலர் அவரிடம் கேட்கலாம், வற்புறுத்தலாம், மாமன்றத்தில் எழுந்து புகார் சொல்லலாம். இடமாற்ற உத்தரவில் கையெழுத்துப் போட முடியாது.

ஒரு சின்ன சிமெண்ட் சாலை எப்படி வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். கவுன்சிலர் கேட்கிறார். ஏ.இ. வந்து அளந்து எஸ்டிமேட் போடுகிறார். அது மேலே போய் நிர்வாக ஒப்புதல் பெறுகிறது. பிறகு டெண்டர்: இந்த வேலையை என்ன விலைக்குச் செய்வீர்கள் என்று ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கும் முறை. யாரும் வரவில்லை என்றால் மறு டெண்டர். ஒருவர் எடுத்த பிறகு பணி ஆணை. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டால் பொங்கலுக்குப் பிறகுதான். இத்தனை படிகளில் கவுன்சிலரின் பெயர் சட்டப்படி இடம்பெறுவது முதல் படியிலும், திறப்பு விழாப் பலகையிலும்தான். நடுவில் அவர் செய்வதெல்லாம் ஃபைலின் பின்னால் நடப்பது. நல்ல கவுன்சிலருக்கும் மோசமான கவுன்சிலருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த நடையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கவுன்சிலர் நேரடியாகக் கைகாட்டக்கூடிய பணம் ஒன்று உண்டு: வார்டு மேம்பாட்டு நிதி. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி நிதி இருப்பதுபோல. அதுவும் அவர் வங்கிக் கணக்குக்கு வராது. 'இந்த வேலைக்குச் செலவிடுங்கள்' என்று அவர் பரிந்துரைப்பார். மேலே சொன்ன எஸ்டிமேட், டெண்டர் வழியாகவே அது செலவாகும்.

பில்டரின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது. மார்ச் தொடக்கத்தில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1-ஆம் தேதி வாக்கில் மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவீத உயர்வு. நிதி ஆணையத்தின் மானியம் வேண்டுமென்றால் வரியைச் சீரமைத்தாக வேண்டும் என்ற ஒன்றிய அரசின் நிபந்தனையை மாநில அரசு காரணமாகக் காட்டியது. மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. டெல்லியில் ஒரு நிபந்தனை, கோட்டையில் ஒரு முடிவு, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் ஒரு கைதூக்கல். நோட்டீஸ் வந்ததும் மக்கள் போய்க் கேட்டதோ, வார்டில் கண்ணுக்குத் தெரிகிற ஆளை.

சுருக்கமாக: கவுன்சிலருக்கு ஓட்டு இருக்கிறது, குரல் இருக்கிறது, கொஞ்சம் நிதி இருக்கிறது. கையெழுத்து ஆணையருடையது. கையெழுத்துப் போடும் ஆளை அனுப்புவது மாநில அரசு.

எந்தக் கதவைத் தட்டுவது?

மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதே தெருவில் அதற்கு இணையாக ஓடும் கழிவுநீர்க் குழாயோ 1978-இல் தொடங்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. இரண்டும் பூமிக்குள் இருக்கின்றன, இரண்டும் பொங்கினால் ஒரே நாற்றம்தான். எது எவருடையது என்று சாலையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? குழப்பம் மக்களுடைய அறியாமையால் வருவதில்லை. அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

தெருவிளக்கு மாநகராட்சி; அதற்குப் பக்கத்தில் நிற்கும் மின்பெட்டி மின்வாரியம். உள்தெருச் சாலை மாநகராட்சி, ஜி.எஸ்.டி. சாலை (தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் பெரிய சாலை) போன்றவை நெடுஞ்சாலைத் துறையினருடையவை. பட்டாவும் முதியோர் உதவித்தொகையும் வருவாய்த் துறை. போலீஸ் மாநில அரசு. பெரிய கட்டடங்களுக்கான திட்ட அனுமதி சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். குப்பை, கொசு மருந்து, பிறப்பு இறப்புச் சான்றிதழ், சுடுகாடு, பூங்கா, பொதுக் கழிப்பறை, தெருநாய், மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார மையம் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு.

அரசியல் சாசனத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீரும் நகரத் திட்டமிடலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் 'ஒப்படைக்கலாம்' என்பதற்கும் 'ஒப்படைக்க வேண்டும்' என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு சொல் மாற்றம் போலத் தெரிந்தாலும், அந்த இடைவெளியில்தான் முப்பது வருஷம் ஓடிவிட்டது.

மேயர் என்றால் நகரத்தின் முதலமைச்சரா?

இல்லை. சிவப்பு அங்கியும் கழுத்துச் சங்கிலியும் 'மாண்புமிகு' என்ற அழைப்பும் அப்படி நினைக்க வைக்கின்றன. மேயர் மாமன்றத்தை நடத்துபவர், நகரத்தின் முதல் குடிமகன் என்று மரியாதை பெறுபவர். அமைச்சரவை அமைப்பவர் அல்ல.

பதவி மட்டும் மிகப் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி 1687-இல் கொடுத்த சாசனப்படி 1688 செப்டம்பரில் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது நத்தானியேல் ஹிக்கின்சன் என்ற கம்பெனிக்காரர் மேயரானார். இந்தியாவில் இதைவிடப் பழைய மாநகராட்சி இல்லை. இடையில் மேயர் என்ற பெயர் மறைந்து, 'தலைவர்' என்ற பெயர் வந்தது. பிட்டி தியாகராயர் 1920-இல் அந்தத் தலைவர் நாற்காலியில் இருந்தபோதுதான், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கலாம் என்று மாமன்றம் தீர்மானம் போட்டது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கும் எழுதிவைத்தார்கள். 'சும்மா கையைத் தூக்கிட்டு வர்றது' என்று டீக்கடையில் சொன்னார்களே, அந்தக் கை இதுதான்.

1933-இல் மேயர் பதவி திரும்ப வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் மேயரானார். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த வாழ்க்கை எஸ். சத்தியமூர்த்தியுடையது. புதுக்கோட்டைப் பக்கம் திருமயத்தில் 1887-இல் பிறந்தவர், வழக்கறிஞர், காங்கிரஸின் பெரும் பேச்சாளர், காமராஜரின் அரசியல் குரு. 1939-இல் மதராஸ் மேயரானபோது நகரம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அப்போது மேயர் பதவி ஒரே ஒரு வருஷம். அதிகாரம் இன்றைய மேயருக்கு இருப்பதைவிட ஒன்றும் அதிகமில்லை. மேலே இருந்ததோ வெள்ளைக்காரக் கவர்னர், உலகப் போர் வேறு. சத்தியமூர்த்தியிடம் இருந்தது நாக்கு. கொற்றலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட அரசை இணங்க வைத்தார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944-இல் அணை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வருஷப் பதவிக்காரர் தொடங்கிவைத்த தண்ணீரை சென்னை இன்றைக்கும் குடிக்கிறது.

மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதிலும் தொடர்ந்து குழப்பம் உண்டு. இரண்டு வழிகள்: மக்களே மேயருக்குத் தனியாக ஓட்டுப் போடுவது நேரடித் தேர்தல். மக்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்க, கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராக்குவது மறைமுகத் தேர்தல். சென்னையில் 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் நேரடி. 2006, 2022-இல் மறைமுகம். ஆட்சி மாறும்போது சட்டமும் மாறியது. எது வசதி என்று எவர் கணக்குப் போட்டார்கள் என்பதை வாசகர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

வித்தியாசம் நாற்காலியின் உறுதியில் தெரியும். நேரடியாக வென்றவரிடம் நகரம் முழுவதின் ஓட்டு இருக்கிறது. மறைமுகமாக வந்தவர் கவுன்சிலர்களையும், அதைவிடக் கட்சித் தலைமையையும் நம்பி இருக்கிறார். 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் இருவருமே ராஜினாமா செய்தார்கள். அடுத்த மாதம் நெல்லையில் புதிய மேயரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது, கட்சி நிறுத்திய வேட்பாளரை எதிர்த்து அதே கட்சியின் கவுன்சிலர் ஒருவரே களத்தில் நின்றார். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்லும் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான், கவுன்சிலருக்கு அது பொருந்தாது.

கவுன்சிலரே இல்லாத காலம்

மஸ்டர் ரோல் ஊழல் என்று ஒன்றைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். மஸ்டர் ரோல் என்பது தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு. அதில் நடந்த முறைகேட்டை ஒட்டி 1973-இல் சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். நடுவில் 23 வருஷம்! ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்ற ஆளைப் பார்க்காமல் வளர்ந்தது. அந்தக் காலத்தில் மாமன்றத்தின் வேலையையும் சேர்த்து அரசு நியமித்த அதிகாரியே பார்த்தார். அவருக்குத் தனி அலுவலர் என்று பெயர்.

இனி அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே 74-வது திருத்தத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று எழுதினார்கள். இருந்தும் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, அடுத்த தேர்தல் 2022 வரை இழுத்துக்கொண்டு போனது. 2018-இல் சொத்து வரி உயர்ந்ததும் அடுத்த ஆண்டு அது நிறுத்திவைக்கப்பட்டதும் மாமன்றமே இல்லாத இந்த இடைவெளியில்தான்.

வரியைச் செலுத்துபவரின் சார்பில் ஒருவர்கூட உள்ளே இல்லாமலே நகரம் ஓடியது. ஓடியது என்பதாலேயே 'கவுன்சிலர் எதற்கு?' என்ற கேள்வி பிறந்தது. 2022-இல் சென்னையில் ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 44 சதவீதம்தான்.

ஒரு கவுன்சிலர் எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார்?

கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. நகர வார்டுகளில் உண்டு. எனவே நகர அரசியல்வாதியின் வாழ்க்கை பெரும்பாலும் கட்சியின் வட்டக் கிளையில் தொடங்குகிறது. கொடிக்கம்பம் நடுவது, பூத் சிலிப் கொடுப்பது, தலைவர் பிறந்தநாளுக்கு அன்னதானம், தெருவில் ஒரு சாவு என்றால் முதல் ஆளாக ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்வது. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வார்டு அரசியலில் கல்யாணத்துக்குப் போகாததை மன்னிப்பார்கள். சாவுக்குப் போகாததை மன்னிக்க மாட்டார்கள்.

சட்டம் கேட்பது குறைவு. வயது 21 இருந்தால் போதும், எம்.எல்.ஏ.வுக்கு 25 வேண்டும். 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மேயருக்கு 30,000 மதிப்பூதியம். மதிப்பூதியம் என்பது சம்பளம் அல்ல, சேவைக்காகத் தரும் தொகை. தெருவுக்கு ஒரு விசேஷம் என்றாலும் மொய் எழுதவே இது காணாது. வீட்டில் வேறு வருமானம் இல்லாதவர், நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்றால், இந்தப் பதவியில் எப்படி நிலைப்பார் என்பதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. லஞ்சத்துக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் எப்படிப்பட்டவர்கள் போட்டியிட முன்வருகிறார்கள் என்பதை இது முடிவுசெய்கிறது. இதையும் மீறி ஆச்சரியங்கள் நடக்கும்: புதிதாக மாநகராட்சியான கும்பகோணத்தில் 2022-இல் முதல் மேயரான கே. சரவணன் ஓர் ஆட்டோ ஓட்டுநர்.

உள்ளே நுழைந்த பிறகு ஏணியில் சில படிகள் உண்டு. சென்னை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; 2022 தேர்தலின்போது 15 மண்டலங்கள். மண்டலக் குழுத் தலைவர் ஆகலாம். வரி, பணிகள், கல்வி, சுகாதாரம் என்று துறைவாரியாக விஷயங்களை முன்கூட்டி அலசும் சிறு குழுக்கள் நிலைக்குழுக்கள், அவற்றுக்குத் தலைவராகலாம். பிறகு துணை மேயர், மேயர். அதன் பிறகு கோட்டை.

கோட்டைக்குப் போன பாதை புதியதல்ல. ராஜாஜி சேலம் நகராட்சியிலும், பெரியார் ஈரோடு நகராட்சியிலும் தலைவராக இருந்தவர்கள். காமராஜர் சிறையில் இருக்கும்போதே 1941-இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும், முழுதாகச் செய்ய முடியாத வேலையை வைத்துக்கொள்ளக் கூடாதென்று ராஜினாமா செய்துவிட்டார். தி.மு.க. 1959-இல் மதராஸ் மாநகராட்சியைப் பிடித்தது. கோட்டையைப் பிடிக்க இன்னும் எட்டு வருஷம் ஆனது. மு.க. ஸ்டாலின் 1996-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த சென்னையின் முதல் மேயர். ஒருவரே எம்.எல்.ஏ.வாகவும் மேயராகவும் இருக்கக்கூடாது என்ற சட்டம் வந்ததை ஒட்டி 2002-இல் விலகினார், 2006-இல் உள்ளாட்சித் துறை அமைச்சரானார், 2021-இல் முதலமைச்சர். 2006 முதல் 2011 வரை மேயராக இருந்த மா. சுப்பிரமணியனும் 2021-இல் அமைச்சரானார்.

ஆனால் இந்தப் பெயர்கள் விதிவிலக்குகள். பெரும்பாலான கவுன்சிலர்களின் கதை ஐந்தே வருஷத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு ஒரு காரணம் தோல்வி; இன்னொரு காரணம் சுழற்சி. தமிழ்நாட்டில் நகர வார்டுகளில் பாதி பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. எந்த வார்டு யாருக்கு என்பது காலத்துக்குக் காலம் மாறும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் 2022-இல் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு வந்திருக்காது; வடசென்னையின் 74-வது வார்டிலிருந்து ஆர். பிரியா தம் இருபதுகளிலேயே சென்னையின் முதல் பட்டியல் சாதிப் பெண் மேயராக ஆகியிருக்கவும் மாட்டார். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு அவர் மூன்றாவது பெண் மேயர். 1688-லிருந்து கணக்குப் போட்டால் மூன்றே மூன்று.

சுழற்சியின் மறுபக்கம்: ஐந்து வருஷம் அலைந்து ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று கற்றுக்கொண்டவரின் வார்டு, அடுத்த முறை அவர் நிற்க முடியாத பிரிவுக்குப் போய்விடலாம். அப்போது சில வீடுகளில் மனைவி வேட்பாளர், சுவரொட்டியில் கணவரின் படம் பெரிதாக, வென்ற பிறகு கூட்டத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரும் கணவர். இதைச் சொல்லி இடஒதுக்கீட்டையே கேலி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேலி போய்ச் சேர வேண்டிய இடம் அந்த வெளி நாற்காலி.

போன் போடும் முன்

சென்னையில் மாநகராட்சிப் புகார் எண் 1913. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913. மறக்காமல் இருக்க இது உதவும். முதலில் அதில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு கவுன்சிலரிடம் போங்கள். 'தெருவிளக்கு எரியவில்லை' என்று வெறுங்கையோடு போனால், அவர் ஏ.இ.க்குப் போன் போடுவார், ஏ.இ. 'பார்க்கிறேன்' என்பார், அன்றோடு சரி. எண்ணும் தேதியும் இருந்தால், மாதாந்திர மாமன்றக் கூட்டத்தில் எழுந்து, "இந்த எண், இந்தத் தேதி, இத்தனை நாள் ஆகிறது, ஏன்?" என்று ஆணையர் முன்னால் கேட்க அவரிடம் ஒரு காகிதம் இருக்கும்.